கல்யாண வீடியோவில் மொபைல் ஷாட் மட்டும் ஏன் 'குதிக்குது'? ஃப்ரேம் ரேட் கணக்கு இதுதான்!

தாலி கட்டும் காட்சி. வீடியோகிராஃபர் கேமராவில் நொடிக்கு 25 ஃப்ரேம். மாப்பிள்ளையின் நண்பர் மொபைலில் 60. இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டால், மொபைல் ஷாட் மட்டும் லேசாகக் குதித்துக் குதித்துப் போகும். 'ஃபோன் சரியில்லப்பா' என்று பழி அதன்மேல் விழும். உண்மையில் தப்பு ஃபோனில் இல்லை, வகுத்தலில்.

60-ல் எடுத்ததை 30 டைம்லைனில் வைத்தால் பிரச்சினையே இல்லை. ஒன்று விட்டு ஒன்றை எடுத்தால் போதும். 25 டைம்லைன் என்றால் கணக்கு இடிக்கும். சாஃப்ட்வேர் சில நேரம் 2 ஃப்ரேம், சில நேரம் 3 ஃப்ரேம் தாண்டும். அந்தச் சீரில்லாத தாவல்தான் கண்ணை உறுத்துகிறது.

இதற்கு 'ஆப்டிகல் ஃப்ளோ'தான் மருந்து என்று பலர் உடனே அதை ஆன் செய்துவிடுகிறார்கள். அது இல்லாத ஃப்ரேமை ஊகித்து வரையும். அட்சதை பறக்கும் ஷாட்டில் போட்டால் விரல்கள் மெழுகு மாதிரி உருகும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பிரீமியரின் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' வேறு ரகம்: 60-ஐ 25 என்று படிக்கச் சொன்னால், 10 நொடி ஷாட் 24 நொடி ஸ்லோமோஷனாக வழுவழுவென்று ஓடும். மாலை மாற்றலுக்கு அருமை, ஆனால் நாதஸ்வரச் சத்தம் போச்சு.

இதைவிடப் பெரிய தொல்லை, பல மொபைல்கள் நிலையான வேகத்தில் பதிவு செய்வதே இல்லை என்பது. வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேமும் குறையும். நீளமான வாழ்த்துரையில் உதடும் குரலும் பிரிவது பெரும்பாலும் இதனால்தான். எடிட்டிங்குக்கு முன்பே இலவச ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட்' ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

'24 வெச்சாதான் சினிமா லுக்' என்ற பிடிவாதமும் தேவையில்லை. 24 என்பது 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது நிலைத்த எண். ரீல்ஸுக்கு முழுக்க மொபைலில் எடுத்திருந்தால் 30 தாராளம்.

எதுவானாலும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். டாவின்சி ரிசால்வில் கிளிப்களை உள்ளே கொண்டுவந்த பிறகு ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது. முகூர்த்தத்தையும் திரும்ப ஷூட் பண்ண முடியாது. கேமரா 25 என்றால், ஐபோன்காரர்கள் கேமரா செட்டிங்ஸில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' ஆன் செய்தால் (பசும்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழைய டிவி தரத்தின் பெயர்) 25 கிடைக்கும். நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாள் ராத்திரி ஒரு மெசேஜ் போட்டால் போதும்.