பம்ப் மாற்றிகளின் தருக்கம்

உள்ளூர் மாத இதழொன்றில் சத்தம் போடும் பவர் ஸ்டீயரிங்கைப் பற்றி வந்த கட்டுரையின் நகல்கள், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பட்டறைக்குப் பட்டறை கைமாறிக்கொண்டிருக்கின்றன. கட்டுரையாளர் 'மருந்து' அதிகாரத்துக் குறளோடு தொடங்குகிறார். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பிறகே தீர்க்கும் வழிக்குப் போகச் சொன்னவர் வள்ளுவர். முதல் பத்தியில் நோயைப் பார்த்துவிட்ட நம் மருத்துவரோ, காரணம் என்ற படியை ஒரே தாவாகத் தாண்டி இரண்டாம் பத்தியிலேயே பில் போட உட்கார்ந்துவிடுகிறார். ஸ்டீயரிங்கை ஒடித்தால் சத்தம் வருகிறதா? பம்ப் போய்விட்டது, மாற்று. இதற்கு எதற்கய்யா வள்ளுவர்?

எந்தச் சத்தம் என்று ஓரிடத்திலாவது அவர் கேட்டிருக்கிறாரா? காலையில் வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று கத்தி, கடைசிவரை ஒடிக்கும்போது மறுபடியும் கத்தினால், தளர்ந்துபோன அல்லது தேய்ந்து மழுங்கிய பெல்ட் வழுக்குகிறது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கி, ஒடிக்கும்போது பெருக்கிற முனகல் என்றால், பெரும்பாலும் ஆயில் குறைந்து பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது; டப்பாவைத் திறந்தால் நுரை தெரியும். ஃபுல் லாக்கில் பிடித்திருக்கும்போது மட்டும் கேட்கிற 'ஸ்ஸ்' ஓசை, அழுத்தம் எல்லை மீறாமலிருக்க ரிலீஃப் வால்வு திறப்பதால் வருவது. அது நோயே அல்ல. பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் 'கடக்'குக்கும் பம்புக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது டை ராட் எண்டையும் ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்டையும். பம்ப் கெட்ட வண்டியிலும் இருக்கிற, கெடாத வண்டியிலும் இருக்கிற ஒன்றை ஏதுவாகக் காட்டினால் அதற்கு அநைகாந்திகம் என்று பெயர்; மணிமேகலையில் அறவண அடிகள் பாடம் நடத்திய ஏதுப்போலிகளில் ஒன்று. அடிகளாரிடம் கார் இல்லை. இருந்திருந்தால் இவரிடம் விட்டிருக்க மாட்டார்.

அடுத்து அரியலூர்த் தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும் கிளப்புகிற தூசிதான் பம்பை அரித்துத் தின்கிறதாம். இந்தப் பக்கத்து வாசகன் உடனே தலையாட்டிவிடுவான் என்று தெரிந்தே வைத்த வாதம் இது, ஏனெனில் அந்தத் தூசியைத் தின்று வாழ்கிறவன் அவன். ஆனால் பம்ப், ஹோஸ், ரேக், ஆயில் டப்பா எல்லாம் சேர்ந்து ஒரே மூடிய சுற்று. மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறக்கிறவனின் வண்டியில் தூசி எந்த வாசல் வழியாக உள்ளே போகும்? தூசி கைவரிசை காட்டும் இடங்கள் வேறு: ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்த இடம், டை ராட் எண்டின் உறை வெடித்த இடம், பெல்ட்டின் முகம். கட்டுரை இம்மூன்றையும் மறந்தும் தொடவில்லை. பூட்டில் என்ன லாபம் நிற்கும் என்பது நமக்கும் தெரியும். போகட்டும், தூசிதான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். அதே சாலையில் ஓடப்போகிற புதுப் பம்பை அது விட்டுவைக்குமா? விடாது என்றால் மாற்றி என்ன பயன்? விட்டுவிடும் என்றால் பழையதின் மேல் மட்டும் அதற்கு என்ன பகை? ஆடத் தெரியாமல் கூடம் கோணல் என்றவள்கூட, புதுச் சலங்கை வாங்கினால் கூடம் நேராகிவிடும் என்று சொல்லவில்லை. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்து, இத்தனை கோடி ஆண்டுகள் சும்மா கிடந்த கல்லின் தலையில் இந்தப் பழியும் விழ வேண்டுமா?

ஆயில் விஷயத்தில் அவர் தம்மையே மறுத்துக்கொள்வதால் நமக்கு வேலை குறைவு. ஓரிடத்தில் எந்த ஆயிலை ஊற்றினாலும் ஒன்றுதான் என்கிறார். பக்கம் திரும்பியதும் கண்ட ஆயிலால் சீல் கெடுகிறது என்று கண்ணீர் விடுகிறார். பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய்க்கென்று செய்யப்பட்டவை. கிளைக்கால் வகை பிரேக் ஆயிலை அதில் ஊற்றினால் அவை உப்பிக் கெடும். வண்டிக் கையேடு டெக்ஸ்ரான் என்றால் டெக்ஸ்ரான்தான். ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற கார்களுக்கும் ஆயில் பார்க்கச் சொல்கிறாரே, மின்மோட்டார் ஒடித்துக் கொடுக்கும் அந்த ஸ்டீயரிங்கில் ஆயில் டப்பாவை எங்கே கண்டார்? பவர் ஸ்டீயரிங்கே நேற்று முளைத்த சொகுசு என்ற முணுமுணுப்புக்கு, 1951இலேயே கிரைஸ்லர் இம்பீரியல் கார் அதனோடு விற்பனைக்கு வந்துவிட்டது என்ற ஒரு வரி போதும்.

தேர்ந்த மெக்கானிக் என்ன செய்வார்? ஆயில் அளவையும் நிறத்தையும் நுரையையும் பார்ப்பார். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளாம்பையும் ஓ-ரிங்கையும் சோதிப்பார். ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே நுழையும் இடம் அதுதான் என்பதால், கீழே ஈரமில்லை என்று ஏமாற மாட்டார். டப்பாவின் அடிச் சல்லடை அடைத்திருந்தாலும் பம்ப் மூச்சுத் திணறும். பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்தே வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக ஒடித்து ஏர் எடுப்பார். அளவு இறங்க இறங்க ஆயில் விடுவார். இத்தனைக்கும் பிறகு முனகல் போகாவிட்டால், பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்த பின், பம்பைக் குற்றம் சாட்டலாம். ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ரானே ஆலை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை, விராலிமலையில்தான் இருக்கிறது. இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

இத்தனையும் தெரியாமலா எழுதினார்? அவ்வளவு அப்பாவி என்று நான் நம்பத் தயாரில்லை. கட்டுரையின் காலடியில் கட்டம் கட்டி வந்திருப்பது அவருடைய சொந்த உதிரிபாகக் கடையின் விளம்பரம். அதில் பெரிய எழுத்தில் இருப்பது பவர் ஸ்டீயரிங் பம்ப். ஓ-ரிங் சிறிய எழுத்தில்கூட இல்லை. பதில் எழுதுவதாக இருந்தால், கடைசியாக மாற்றிக் கொடுத்த பம்பின் பழைய உடலை வைத்துக்கொண்டு எழுதட்டும்: கழற்றுவதற்கு முன் அந்த ஹோஸ் கிளாம்பை ஒருமுறையாவது முறுக்கிப் பார்த்தாரா, இல்லையா?