வரிக் கணக்கும் விவாக பந்தமும்

அமெரிக்கப் பிரஜைகளாகிவிட்ட நம்மவரில் அநேகர் தாய்நாட்டில் விவாகம் செய்துகொண்டு, மனைவிக்கு விஸா கிடைக்கும்வரை அங்கே தனித்து வாழ்கின்றனர். இவர்களில் சிலர் ஏப்ரல் 15-ந் தேதிக்குள் வருமான வரிக் கணக்குக் கொடுக்கையில், "விவாகமாகாதவர்" என்று எழுதிவிடுகின்றனர். இது பெரும் பிழை. வருஷக் கடைசி நாளான டிசம்பர் 31-ந் தேதியன்று விவாகமாகியிருந்தால், மனைவி எந்நாட்டில் இருப்பினும் அவர் விவாகமானவரே. மனைவி உண்டென்று ஓர் இலாகாவுக்கு விஸா மனுச் செய்துவிட்டு, வரி இலாகாவிடம் இல்லையென்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கிறோம்.

இத்தகையோர் தனிக் கணக்குக் கொடுப்பதே பொது விதி. தம்மோடு வசிக்கும் குழந்தையைப் பராமரிப்போருக்குக் "குடும்பத் தலைவர்" என்ற அந்தஸ்தும் கிடைக்கக்கூடும். தம்பதிகள் இருவரும் இசைந்து கையொப்பமிட்டால், மனைவியையும் அமெரிக்கவாசியாகப் பாவித்துக் கூட்டுக் கணக்குக் கொடுக்கலாம். 2025-ம் வருஷ வருமானத்திற்குத் தனிக் கணக்கில் பொதுக் கழிவு 15,750 டாலர். கூட்டுக் கணக்கில் 31,500 டாலர். லாபம் வெளிப்படை.

ஆயினும் இச்சலுகைக்கு ஒரு விலை உண்டு. மனைவியின் சென்னை வீட்டு வாடகையும், பாங்கி வட்டியும், உத்தியோகச் சம்பளமும் அமெரிக்கக் கணக்கில் ஏறிவிடும். இந்தியாவில் செலுத்திய வரிக்கு ஓரளவு ஈடு பெறலாமெனினும், அவற்றைக் காட்டாமல் மறைக்க இடமில்லை. வரிப் பாக்கிக்கு இருவரும் பொறுப்பாளிகளாவர். இவ்விசைவு ஆண்டுதோறும் தொடரும். ஒருமுறை ரத்துச் செய்தால் அத்தம்பதிகள் அதை மீண்டும் பெற இயலாது.

ஆகவே, கழிவின் தொகையை மட்டும் கண்டு மயங்காமல், இரு வழியிலும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே தீர்மானிப்பது உசிதம். மனைவியின் கையொப்பத்தைக் கேட்குமுன் அதன் பொறுப்பை அவருக்கு விளக்கிச் சொல்வது கணவரின் கடமை என்பது நமது அபிப்பிராயம்.