நீலத் துளியை மறைத்துப் பாருங்கள்

ஏழு வயதுச் சிறுவன். டேப்லெட்டில், முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் விளையாட்டில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தான். அவன் அம்மாவிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். பிறகு ஏதோ தோன்ற, 'சோக' முகத்தின் கண்ணுக்குக் கீழே வரைந்திருந்த நீலத் துளியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இவங்களுக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். என் விரலை விலக்கப் பார்த்தான். விரல் நகரவில்லை என்றதும், "தெரியல" என்றான். மூன்று வாரமாக அவன் கற்றுக்கொண்டது துளியைத்தான், முகத்தை அல்ல. அதைக் கவனிக்காமல் விட்டது நான்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிற சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அனுபவம் இருக்கும். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் உருவாக்கிய 'மைண்ட் ரீடிங்' மென்பொருளில் 412 உணர்ச்சிகள், 24 தொகுதிகளாக, நடிகர்களின் முகத்திலும் குரலிலும் பதிவாகியிருந்தன. 2006-இல் வெளிவந்த ஆய்வில், சில மாதங்கள் அதைப் பயன்படுத்திய பெரியவர்கள் பயிற்சியில் பார்த்தவற்றை நன்றாக இனங்கண்டார்கள். திரைப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோது அந்த முன்னேற்றம் அங்கே வரவில்லை.

அடுத்து அதே குழு சிறுவர்களுக்காகச் செய்த 'டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. ரயில், டிராம், கேபிள் கார் என்று இந்தக் குழந்தைகள் மணிக்கணக்கில் பார்க்க விரும்பும் வண்டிகள். அவற்றின் முகப்பில் நிஜ மனித முகங்கள். குழந்தைக்குப் பிடித்ததை ஒதுக்கிவிடாமல் அதற்குள்ளேயே பாடத்தை வைத்தார்கள். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் பார்த்தபின் கிடைத்த பலன் நம்பிக்கை தந்தது. ஆனால் அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது (2012) பலன் மிகச் சொற்பம். நம் மையங்களுக்கு வருகிறவர்களில் பலர் இப்படி அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்த 'சீக்ரெட் ஏஜென்ட் சொசைட்டி' வேறு வழியில் போனது. அதில் கணினி விளையாட்டு ஒரு பகுதி மட்டுமே. சிறு குழுப் பயிற்சி, பெற்றோர் வகுப்பு, பள்ளி ஆசிரியருக்கான குறிப்பு எல்லாம் சேர்ந்துதான் அது ஒரு திட்டம். பலன் பள்ளிக்கும் வீட்டுக்கும் போக வேண்டுமென்றால், பயிற்சியும் அங்கே போக வேண்டும். செயலியை வாங்கிக் கொடுத்துவிட்டு அனுப்பினால் இது நடக்காது.

இதில் மொழியும் ஒரு சிக்கல். "போடா" என்ற ஒரே சொல்லை அக்கா கொஞ்சியும் சொல்வாள், அப்பா கோபத்திலும் சொல்வார். அத்தை "ம்" என்று இழுத்தால் அது சம்மதமா, சலிப்பா? ஆங்கிலக் குரலில் வந்த விளையாட்டு எதுவும் இதைக் கற்றுத் தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். குழந்தை கையை உதறுவது மகிழ்ச்சியா, பதற்றமா என்று நமக்கு எத்தனை முறை தெரிந்திருக்கிறது? குழந்தைக்கு மட்டும் தேர்வு வைப்பது நியாயமில்லை.

அந்தச் சிறுவனின் டேப்லெட்டை நான் எடுத்துவிடவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது, பத்து நிமிடம் உட்கார வைத்தது. அம்மாவின் போனில் வீட்டாரின் முகங்களையும் குரல்களையும் அவர்கள் சம்மதத்தோடு பதிந்து, விளையாட்டு முடிந்ததும் அவற்றைக் காட்டத் தொடங்கினோம். இப்போது அவன் குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'வேறு எங்கே, யாரிடம் கண்டுகொண்டான்?' முதல் ஐந்து வாரம் அது காலி. ஆறாவது வாரம் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: "பாட்டி சும்மா உக்காந்திருந்தாங்க, அழல. பாட்டிக்குக் கஷ்டம்னு சொன்னான்."