கண் கண்டதும் கை செய்ததும்

நம் ஊர்ப் பக்கத்து ஆட்டங்களில் நடுவர் என்று தனியே ஒருவர் வருவதில்லை. மட்டை பிடிக்கும் அணியில் இன்னும் முறை வராத ஒருவர்தான் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பார். அவர் வாயில் அடிக்கடி வரும் சொல், "எறியறான்!" என்பது. அந்த ஒரு சொல் ஒருவனுடைய ஆட்டத்தையே முடித்துவிடும் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் சிறு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டான். நாட்டுக் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிற்று, ஆனால் கை முழுதாக நிமிரவில்லை. அந்தக் கையால் அவன் வீசிய சுழற்பந்தை எங்களில் யாரும் தொட்டதில்லை. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஒரு போட்டியில், மூன்றாவது பந்திலேயே "எறிகிறாய்" என்று அவனை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கையை ஒருவராவது நீட்டச் சொல்லிப் பார்த்தாரா? இல்லை. அன்று பந்தைக் கொடுத்தவன் பிறகு கேட்டு வாங்கவே இல்லை. இப்போது விடியுமுன் மல்லிகை பறிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லைக்கோட்டருகே நின்று பந்து பொறுக்குகிறான்.

இதே சொல்லை உலகறியக் கேட்டவர் ஒரு தமிழர். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனை 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை 'நோ பால்' என்றார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவர் கையைச் சோதித்தார்கள். எறிவதுபோல் தெரிவது கண்ணின் மயக்கமே என்று முடிவு வந்தது. ஆனாலும் 1999-ல் அடிலெய்டில் மீண்டும் அதே கூச்சல்!

விதி என்ன சொல்கிறது? கை மடங்கியிருக்கக் கூடாது என்றா? நம்மில் பலர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விதி சொல்வது வேறு. கை தோள்மட்டத்துக்கு வந்த நேரத்திலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை நிமிரக் கூடாது, அவ்வளவே. மடங்கிய கை மடங்கியபடியே வந்தால் குற்றமில்லை.

அப்படியானால் கண் ஏன் ஏமாறுகிறது? ஒரு கதிர் அரிவாளை உயர்த்திப் பிடித்து, பிடியை மெல்லத் திருகிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பிறையாகத் தெரியும். கால் வட்டம் திரும்பியதும் நேர்க்கோடாகத் தெரியும். இரும்பு நிமிர்ந்ததா? இல்லை, திரும்பியது. தோள்பட்டைத் தசைகள் தம் தசைநாண்களால் மேற்கையை இழுத்துச் சுழற்றும்போது, மடங்கிய முன்கையும் இப்படியே கண்ணை ஏய்க்கிறது. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலிலேயே இல்லை; முன்கையில் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் கயிறுபோல் மணிக்கட்டைக் கடந்து விரலை இயக்குகின்றன. சுழலின் உயிர் அங்கே இருக்க, நாம் முழங்கையையே முறைத்துக்கொண்டிருக்கிறோம்!

பயோமெக்கானிக்ஸ் எனப்படும் உயிர் இயக்கவியல் இதை அளந்து பார்க்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளி தெறிக்கும் சிறு குண்டுகளை ஒட்டிப் பல கேமராக்கள் சூழப் படம்பிடித்துக் கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவீடு முரளிக்குச் சாதகமாகவே பேசியது என்றும் சொல்ல முடியாது. 2004-ல் அவருடைய 'தூஸ்ரா' பந்தில் முழங்கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. அப்போது சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 பாகைதான். ஆனால் மற்றவர்களையும் அளந்தபோது, குறையற்றவர் எனப் பெயர் பெற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் பலரின் கையும் நிமிர்வது வெளிப்பட்டது. 2005-லிருந்து எல்லோருக்கும் 15 பாகை என்று ஐ.சி.சி. எல்லை வகுத்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் பேசுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அளக்காதவரை மற்றவர்கள் தப்பித்திருந்தார்கள் என்பதே உண்மை. அவரோ 2010-ல் காலியில் 800-ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

உண்மையிலேயே எறிபவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. சத்தியமங்கலத்தில் அத்தகைய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று கேட்பதும் பேராசை. செல்போனில் எடுக்கும் படமும் போதாது. ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படம் அந்த அரிவாள் கதைதான். ஆனால் ஒரு கோணமானி போதுமே! நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே நடக்கும் போட்டியில் ஒருவர்மேல் ஐயம் எழுந்தால், உடற்கல்வி ஆசிரியர் முதலில் அவர் கையை நீட்டச் சொல்லி, எவ்வளவு நிமிர்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறவியிலோ விபத்திலோ மடங்கிய கை என்றால் அது நடுவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் விதியைப் படித்துக் காட்டட்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இந்த விதியை அண்மையில் என் நண்பனிடம் சொன்னேன். பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வலது கையை நீட்டிப் பார்த்தான். "இத்தன வருசமா இத ஏன்டா ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டான்.