வாதி ரம்மின் பாறை வழிகள்



ஸமூது கூட்டத்தார் பள்ளத்தாக்கிலே பாறைகளைக் குடைந்த செய்தியைத் திருமறையின் அல்ஃபஜ்ர் அத்தியாயத்தில் ஓதி வருகின்றீர்கள். அவர்கள் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதி இன்றைய சவூதி அரேபியாவின் வடமேற்கில் இருக்கிறது. அதற்கும் வடக்கே, எல்லை கடந்து ஜோர்டானின் தென்கோடியில் விரிந்து கிடப்பது வாதி ரம் என்னும் பாலைப் பள்ளத்தாக்கு. மணற்பரப்பிலிருந்து செங்குத்தாக எழும் செந்நிற மணற்பாறை மலைகள் அங்கே நிறைந்துள்ளன. ஜபல் ரம் 1,700 மீட்டரையும் தாண்டியது. ஏறத்தாழ 25,000 பாறைச் சித்திரங்களும் 20,000 கல்வெட்டுகளும் கொண்ட இந்நிலத்தை யுனெஸ்கோ 2011-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவ்வெழுத்துகளில் பலவற்றை ஆய்வாளர் 'ஸமூதிக்' என்பர். பெயரைக் கண்டு, அனைத்தையும் ஸமூது கூட்டத்தாரே பொறித்தனர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அஃது ஒரு வகை எழுத்துக்கு அறிஞர் இட்ட பெயரே.

1962-இல் வெளியான 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' திரைப்படத்தில் இம்மலைகளைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்களுள் டோனி ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயப் பாறை ஏறுநரும் ஒருவர். 1984-இல் அவர் தோழர்களுடன் அங்கே சென்றார். அந்நாளில் மேலைநாட்டு ஏறுநர்கள் மிக அரிதாகவே எட்டிப் பார்த்த இடம் அது. ஆனால் அம்மலைகள் ஆள் ஏறாத மலைகளாக இருக்கவில்லை. வளைந்த நெடுங்கொம்புடைய மலையாடுகளை வேட்டையாடத் தலைமுறை தலைமுறையாக பதூவீன்கள் அவற்றின் மீது ஏறி வந்திருந்தனர். இன்று பலர் கயிறு கட்டிக் கடக்கும் இடங்களை அவர்கள் கயிறின்றிக் கடந்தனர். கால் எட்டாத இடத்தில் கற்களை அடுக்கிப் படி செய்துகொண்டனர். விருதுக்காகவன்று, வீட்டிலுள்ளோரின் உணவுக்காக!

மலையேற்ற உலகில் 'முதன்முதலில் ஏறியவர்' என்னும் பட்டத்துக்குப் பெருமதிப்பு உண்டு. ஏட்டில் எழுதி வைக்காத வேட்டைக்காரனுக்கு அப்பட்டம் எளிதில் கிடைப்பதில்லை. ஹோவர்ட் நியாயமாக நடந்துகொண்டார். 1987-இல் வெளிவந்த தம் வழிகாட்டி நூலில் அவ்வழிகளை பதூவீன்களின் வழிகள் என்றே பதிந்தார். ஷேக் ஹம்தான் போன்ற மூத்தோரின் பெயர்கள் அவ்வழிகளுக்கு இன்றும் வழங்குகின்றன. பிறருடைய ஹக்கை மறைக்காத இப்பண்பு, நம்மில் நூல் எழுதுவோரிடமும் சொற்பொழிவாற்றுவோரிடமும் இன்னும் சற்று மிகுதியாக இருந்தால் நன்று!

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலருக்கு, விடுமுறையில் இத்தகைய பயணம் செல்லும் ஆசை எழக்கூடும். ஆசையைக் குறை கூற மாட்டேன். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்பது திருமறை நமக்குத் தந்த ஏவல் அன்றோ? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியையும் உடன் நினைவிற்கொள்ளுங்கள். முறையாகப் பயிலாமல் பாறையில் கை வைப்பது தவக்குல் அன்று. ஜபல் ரம்மின் உச்சி ஒரே கூம்பு அன்று. மேடும் பிளவுமாகக் குவிமாடங்கள் பல பரந்து கிடக்கும் அவ்விடத்தில், ஏறத் தெரிந்தவரும் இறங்கும் வழி தெரியாது திகைப்பர். இரவு நெருங்கினால் குளிர் வாட்டும். பள்ளத்தாக்கின் மணலில் இன்று சுற்றுலா வண்டிகள் மிகுந்துவிட்டன. எனினும் பாறையின் உயரத்தில் தனிமைதான். உதவி வந்து சேர நெடுநேரம் ஆகும்.

ஆகவே அவ்வூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கூலியில் பேரம் பேசி அவரை வருத்தாதீர்கள். நீங்கள் பெறுவது அவருடைய பாட்டனார் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த அறிவு. மற்றொன்று: மணற்பாறை மழையில் நனைந்தால் வலிமை குன்றும். பிடித்த பிடி கையோடு பெயர்ந்து வரும். மேற்புறம் காய்ந்தாற்போல் தோன்றினும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். மழைக்கு மறுநாள் வழிகாட்டி, "இன்று வேண்டாம்" என்று சொன்னால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளாமல் அவருடன் அமர்ந்து தேநீர் அருந்துங்கள்.