ஓ.டி. காப்பது வருகைப்பதிவை மட்டுமே

கல்லூரிக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ களமிறங்கும் மாணவர், போட்டி நாட்களில் வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்தவராகவே கணக்கிடப்படும் ஏற்பாடு ‘ஆன் டியூட்டி’, சுருக்கமாக ஓ.டி., எனப்படுகிறது. உடற்கல்வி இயக்குநரின் கையொப்பத்தோடு துறைத்தலைவரின் மேசைக்குச் செல்லும் அந்த ஒற்றைத் தாளோடு, மாணவ விளையாட்டாளரின் படிப்பு குறித்த கடமை தீர்ந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. எனினும் இம்மாவட்டத்தின் சூழலில் அதன் விளைவு கூடுதலாகவே சுடுகிறது.

ஏறத்தாழ 90 வேலைநாட்கள் கொண்ட ஒரு பருவத்தில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வெழுத முடியும் என்ற விதியிலிருந்து ஓ.டி. மாணவரைக் காப்பாற்றுகிறது, ஆனால் அந்நாட்களில் நடந்த பாடத்தையோ, பருவத்தின் நடுவே துறையே நடத்தி மதிப்பெண் இடும் அகமதிப்பீட்டுத் தேர்வையோ அது திருப்பித் தருவதில்லை. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் நடைபெறுவதாலும், ஒற்றைப் பருவத் தேர்வுகள் நவம்பரை ஒட்டியே வருவதாலும், பயிற்சி முகாம், பயணம், போட்டி என இரண்டு மூன்று வாரங்களை வெளியில் கழித்துத் திரும்பும் மாணவர் நேரே தேர்வறைக்குத்தான் வந்து சேர்கிறார். வேதியியல் படிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அவருடைய ரெக்கார்டு நோட்டே காட்டிவிடும்: தரம்பார்த்தல் சோதனைகளுக்கான பக்கங்கள் அளவீடுகளின்றி வெறுமையாகக் கிடக்க, தோழர் ஒருவரின் நோட்டைப் பார்த்து எழுதிய எண்களுக்குக் கையொப்பம் வாங்க அவர் ஆய்வக வாசலில் நிற்க நேர்கிறது. வருகைப்பதிவில் அவர் நூற்றுக்கு நூறு. பியூரெட்டையோ அவர் தொட்டதே இல்லை.

மணப்பாடு, புன்னைக்காயல், வேம்பார் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இச்சிக்கலோடு வீட்டுப் பொருளாதாரமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதால், படகில் கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் வருமானம் நின்றுபோகும் மாதங்களும், இரட்டைப் பருவத் தேர்வும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் நெருக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைகின்றன. அத்தகைய வீட்டில் ஓர் அரியர், அதாவது தேறாமல் நின்றுபோன ஒரு தாள், தேர்வுக் கட்டணச் சுமையாக மட்டும் நிற்காமல், விளையாட்டை விட்டுவிடச் சொல்லும் காரணமாகவும் மாறிவிடுகிறது.

இம்மாவட்டத்தின் திறமை குறித்து ஐயமில்லை. கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடி வெண்கலம் வென்றனர். தங்குமிடமும் செயற்கைப் புல்தளமும் பயிற்சியாளரும் ஒருங்கே கிடைக்கும்போது என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. அந்த அக்கறையில் ஒரு பங்கேனும் பாடத்தின் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது; ஏனெனில் களத்துக்கு வரும் அனைவரும் இந்திய அணிக்குச் செல்லப்போவதில்லை, பட்டமோ அவர்கள் அனைவருக்கும் தேவை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, போட்டிப் பருவத்தில் பயிற்சியை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் நிறுத்துவதோடு, அதன் முதற்பிரிவில் இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 விழுக்காட்டை நிறைவுசெய்யாதவரைக் களமிறங்க அனுமதிப்பதில்லை. இவ்விரண்டில் முதலாவதே நமக்கு ஏற்றது. இரண்டாவதை இங்கு அப்படியே கொண்டுவந்தால், மறுதேர்வும் ஈடுசெய் வகுப்பும் பெறாத மாணவரையே மீண்டும் தண்டிப்பதாக முடியும்.

ஆகவே ஜூன் மாதத்தில் கல்லூரி நாட்காட்டி வகுக்கப்படும்போது, மண்டலப் போட்டிகளின் உத்தேசக் காலத்தை உடற்கல்வி இயக்குநர்கள் எழுத்தில் முன்வைத்து, அகமதிப்பீட்டுக்கு மாற்றுத் தேதியும், தவறிய ஆய்வக வகுப்புகளுக்குச் சனிக்கிழமை நேரமும், ஒவ்வொரு வீரருக்கும் துறையில் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியரின் பெயரும் அக்கூட்டத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். ஓ.டி. தாளில் கையொப்பமிடும் உரிமை பெற்றவர்கள் இக்கோரிக்கையை வரும் கல்வியாண்டிலேயே எழுப்புமாறு இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.