ஓர் ஆடு போதாதா?

பேத்திக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதைத் தொடர்ந்து எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சை இன்று எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காரைக்காலில் இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற பேச்சு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கல்யாணச் செலவுக் கணக்கு. 34 வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்து பில்களைச் சரிபார்த்த கண் அல்லவா, முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தது. பிறகு மேலே போனேன். மண்டபம், மேடை அலங்காரம், பறக்கும் கேமராவோடு வீடியோ, 1,200 பேருக்குப் பிரியாணி, போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பை. பேத்திக்கு 40 பவுன். கையில் இருப்பது 25. மீதி 15 பவுன் வாங்க, மருமகளின் நகையை அடகு வைப்பதாம். நகையை அடகு வைத்து நகை வாங்குவது! மற்றச் செலவுக்கு வங்கிக் கடன்.

"இவ்வளவு எதுக்குப்பா?" என்றேன்.

"பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வாப்பா. நாம அதுக்குக் கீழே போனா ஊர்லே என்ன சொல்லுவாங்க?"

குர்ஆனில் 102ஆவது அத்தியாயத்துக்கு 'தகாஸுர்' என்று பெயர். எட்டே வசனங்கள். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. தொழுகையில் எத்தனை ஆயிரம் முறை ஓதியிருப்பேனோ தெரியாது. பொருள் தெரிந்து ஓதியது பாதி வயதுக்கு மேல்தான். தகாஸுர் என்றால் வெறும் செல்வம் இல்லை. ஒருவரைவிட ஒருவர் அதிகமாகச் சேர்க்கப் போட்டி போடுவது. கப்ருக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் போட்டி மனிதனைப் பராக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது என்று அத்தியாயம் தொடங்குகிறது. அனுபவித்த நிஃமத்துகளைப் பற்றிக் கேள்வி உண்டு என்று முடிகிறது.

'ஹதீத்' என்ற 57ஆவது அத்தியாயத்தின் 20ஆவது வசனமும் இதைத்தான் பேசுகிறது. இந்த துன்யா வாழ்க்கை விளையாட்டும் வேடிக்கையும் அலங்காரமும், ஒருவருக்கொருவர் பெருமையடிப்பதும், பொருளிலும் பிள்ளைகளிலும் போட்டி போடுவதும்தான் என்று சொல்லிவிட்டு, மழைக்குச் செழித்து வளர்ந்த பயிர் மஞ்சளித்துச் சருகாவதை உவமை காட்டுகிறது. காவிரியின் கடைமடையில் வாழ்கிற நமக்கு இந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு லா ஃபொந்தேனின் தவளை நினைவிருக்கும். மாட்டைப் பார்த்த தவளை, அதன் அளவுக்கு ஆக வேண்டும் என்று தன்னை ஊதிக்கொண்டே போய் வெடித்துவிடும். கதை முடிவில் அவர் குத்திக்காட்டுவது தவளையை இல்லை. பிரபுக்களைப் போல வீடு கட்ட ஆசைப்படும் சாதாரண மனிதர்களை. அதை மனப்பாடமாகச் சொல்லி வாத்தியாரிடம் பாராட்டு வாங்கியவன் நான். வாங்கி என்ன பயன்?

1994இல் பிரான்சிலிருந்து வந்த என் மச்சான், எங்கள் தெருவிலேயே மார்பிள் போட்டு மாடி வீடு கட்டினார். அதுவரை எங்கள் ஓட்டு வீடு எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. அதன் பிறகு வாசலில் நிற்கும்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. உம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போக ஐந்தாறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. அதோடு சேமநிதியில் முன்பணமும் எடுத்து, வீட்டை இடித்து மாடியோடு கட்டினேன். "நீ கட்டிக்க தம்பி, நான் அப்புறம் போய்க்கிறேன்" என்றார் உம்மா. முகம் சுளிக்கவில்லை.

1997இல் உம்மா மௌத்தாகிவிட்டார்கள். பிற்பாடு அவர்கள் பேரில் ஹஜ் செய்ய ஏற்பாடு செய்தேன். கடமை நிறைவேறியிருக்கும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். ஆனால் உம்மா கஃபாவைக் கண்ணால் பார்க்கவில்லை. மாடியில் இப்போது யாரும் இல்லை. மாதம் ஒரு முறை கூட்டிவிட்டுப் பூட்டுகிறோம்.

மார்க்கம் பணத்தை வெறுக்கச் சொல்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கையில் பொருள் இருந்தால்தான் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கொடுக்க முடியும். நோயில் கிடந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) தம் சொத்தைத் தர்மமாக எழுதிவைக்கக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுச் செல்வது நல்லது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆகவே சம்பாதிப்பதும், மக்களுக்குச் சேர்த்து வைப்பதும் தப்பில்லை. எதற்காகச் சேர்க்கிறோம், யாரைப் பார்த்துச் செலவழிக்கிறோம் என்பதில்தான் ஆபத்து.

மகனிடம் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கல்யாணத்தைச் சொன்னேன். மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்தவர். மதீனாவின் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது, துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுக் காலூன்றினார். சில நாள் கழித்து, அவர் மேலிருந்த மஞ்சள் வாசனைப் பூச்சைக் கண்டு நபியவர்கள் விசாரித்தார்கள். அன்சாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாகச் சொன்னார். பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹர். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடு என்றார்கள் நபியவர்கள்.

கவனித்துப் பாருங்கள். மதீனா என்ன பெரிய பட்டணமா? அல்லாஹ்வின் தூதர் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் நிக்காஹ் நடந்திருக்கிறது. ஏன் என்னை அழைக்கவில்லை என்று அவர்கள் கோபிக்கவில்லை. பின்னாளில் அதே அப்துர் ரஹ்மான் பெரும் செல்வந்தரானார். சின்னக் கல்யாணத்தால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை.

அந்த வலீமாவும் மாப்பிள்ளை தரப்பு கொடுப்பது. பெண் வீட்டார் ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும் என்று மார்க்கத்தில் எந்தக் கடமையும் இல்லை.

கடனைப் பற்றியும் சொன்னேன். மூன்று தீனார் கடன் வைத்துவிட்டு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்த நபியவர்கள் முன்வரவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் தொழவைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடனா, வேறு கடனா என்று கேட்கவில்லை. மூன்று தீனாருக்கே இப்படி என்றால், ஊர் மெச்ச வேண்டும் என்று வட்டிக்கு வாங்குகிற கடனுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

மகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "நீங்க மாடி கட்டினப்போ உங்களுக்கு யாரும் இப்படிச் சொல்லலையே வாப்பா" என்றான்.

நியாயமான கேள்வி. ஒரு நாள் ஆசை தீரத் தன் மகளுக்குச் செய்து பார்க்கிறேன், அதற்கும் தடையா என்கிறான். அந்த ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. "யாரும் சொல்லலைப்பா. சொல்லியிருந்தா உன் பாட்டி ஹஜ்ஜுக்குப் போயிருப்பாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

பேத்தியிடம் தனியாகக் கேட்டேன். கல்லூரித் தோழிகள் முப்பது பேரை அழைக்க வேண்டும், அது போதும் என்றாள். உம்மாவின் நகையை அடகு வைக்கப் போகிற செய்தி அவளுக்கு அதுவரை தெரியாது.

என் கருத்து இதுதான். நிக்காஹ் பள்ளிவாசலில். இரண்டு வீட்டு உறவும் தோழிகளும் சேர்த்து 200 பேருக்குச் சாப்பாடு. இருக்கிற 25 பவுன். கடனும் வேண்டாம், அடகும் வேண்டாம். மகன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் 1,200 என்ற எண்ணை அடித்திருக்கிறான். பக்கத்தில் வேறு எண் எழுதவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் எங்கள் உறவும் பழக்கமும்தான். உங்களில் சிலருக்கு அழைப்பு வராமல் போகலாம். மனம் கோணாமல், இருந்த இடத்திலிருந்தே மணமக்களுக்கு துஆ செய்யுங்கள். அழைக்காததற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால், கடன் வாங்காமல் மகளைக் கட்டிக்கொடுக்க நம் ஊரில் இன்னும் பல வாப்பாமார்களுக்குத் துணிச்சல் வரும்.

வஸ்ஸலாம்.